ரஷ்ய நாவலும் தமிழும்: ஒப்பிலக்கிய முனைவர் பட்டத்துக்கு மூன்று இடங்களில் எது?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் மீதியைப் படிக்க வேண்டாம். எம்.ஏ. ஆங்கிலம் முடித்திருக்கிறீர்கள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில், ஆய்வுக்கு அரசு தரும் ஜேஆர்எஃப் உதவித்தொகை வாங்கியிருக்கிறீர்கள். சோவியத் காலத்தில் மாஸ்கோவில் அச்சாகித் தமிழ்நாட்டுக்கு வந்த ரஷ்ய நாவல்களும், அவற்றைப் படித்து வளர்ந்தவர்கள் பிறகு தமிழில் எழுதிய நாவல்களும் உங்கள் ஆய்வுப் பொருள். தமிழ் தாய்மொழி, ரஷ்ய மொழியில் ஓராண்டு வகுப்புப் போயிருக்கிறீர்கள். கையில் மூன்று இடங்கள். ஒன்று, அமெரிக்காவில் பெயர்பெற்ற ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஒப்பிலக்கியத் துறை (பல மொழி இலக்கியங்களைச் சேர்த்துவைத்துப் படிக்கும் துறை): நல்ல பணம், வலுவான ரஷ்யத் துறை, தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இரண்டு, அங்கேயே ஓர் அரசுப் பல்கலைக்கழகம்: தமிழும் உண்டு, ரஷ்யனும் உண்டு, பணம் இழுபறி. மூன்று, ஹைதராபாதில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம், ஜேஆர்எஃப் பணத்தோடு. இவற்றில் எது நல்ல புரோகிராம் என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், ஆறு வருஷம் கழித்துத் தமிழ்த் துறையும் வேண்டாம் என்று, ஆங்கிலத் துறையும் வேண்டாம் என்று, நடுத்தெருவில் நின்றுவிடுவேனோ என்று ஒரு பயத்தைப் போட்டிருக்கிறீர்கள். நான் எழுத உட்கார்ந்தது அந்த வரிக்காகத்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. எம்.ஏ. வரை தமிழ்நாட்டில், முனைவர் பட்டம் அமெரிக்காவில் ஒப்பிலக்கியத்தில். இப்போது அங்கேயே ஒரு மொழித் துறையில் பாடம் எடுக்கிறேன். சேர்க்கைக் குழுவில் மூன்று முறை உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே அமெரிக்கப் பக்கத்தைப் பற்றிச் சொல்வது கண்ணால் பார்த்தது. இந்தியப் பக்கத்தில் விதிகளைப் பற்றிச் சொல்வதை நம்பலாம். துறைகளின் உள்சூழலைப் பற்றிச் சொல்வது நண்பர்கள் வழியாகக் கேட்டது, அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தரவரிசையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நீங்கள் பார்த்துக் குழம்பிய பட்டியல்கள் ஒப்பிலக்கியத் துறையை அளந்தவை அல்ல. மொத்தப் பல்கலைக்கழகத்தையோ ஆங்கில இலக்கியத்தையோ அளந்தவை. அமெரிக்காவில் ஒப்பிலக்கிய முனைவர் படிப்புகளைத் தனியாக எடுத்து மதிப்பிட்ட கடைசிப் பெரிய முயற்சி, தேசிய ஆராய்ச்சி மன்றம் 2010இல் வெளியிட்டது. அதில் இருந்த தரவுகூட 2005-06 கல்வியாண்டைச் சேர்ந்தது. அன்றைக்கு அங்கே பாடம் எடுத்தவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றிருப்பார்கள். தரவரிசை ஒரே ஓர் இடத்தில்தான் கணக்கில் வரும், அதைக் கடைசியில் வேலை பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

ஒப்பிலக்கியத் துறை மற்றத் துறைகளைப் போல இல்லை என்பதைத்தான் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆங்கிலத் துறைக்கு ஆங்கிலம் என்று ஒரு சொத்து இருக்கிறது. இந்தத் துறைக்குச் சொந்தமாக ஒரு மொழியும் கிடையாது. பாதி ஆசிரியர்களுக்கு வேறு துறையில்தான் நாற்காலி. ஒப்பிலக்கியத்துக்கு அவர்கள் வந்துபோகிறவர்கள். இந்தியாவில் வங்க எழுத்தாளர் புத்ததேவ போஸ் 1956இல் ஜாதவ்பூரில் தொடங்கிய துறை, ஒப்பிலக்கியத்துக்கென்று நாட்டில் முதலில் வந்தது. அது இன்றுவரை முழுத் துறையாக நிற்கிறது என்றால் அது விதிவிலக்கு. கனடாவின் பெரிய இலக்கிய விமர்சகர் நார்த்ராப் ஃப்ரை 1969இல் உருவாக்கிய டொரான்டோ ஒப்பிலக்கிய மையத்தையே 2010இல் மூடிவிடலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்து, உலகமெங்கும் எதிர்ப்பு வந்த பிறகு கைவிட்டது. 2025இல் சிகாகோ பல்கலைக்கழகம் தன் இலக்கிய, மொழித் துறைகள் பலவற்றில் அடுத்த ஆண்டின் முனைவர் சேர்க்கையை நிறுத்திவைத்தது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. துறையின் பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். பலகையைக் கழற்றிவிட்டாலும் அந்த வளாகத்தில் யார் யார் மிச்சம் இருப்பார்கள், அவர்களுக்கு என்னென்ன மொழி தெரியும் என்று பாருங்கள்.

என் கதையைச் சொன்னால் இது புரியும். என் ஆய்வேட்டை மேற்பார்த்து ஒப்புதல் தரும் கமிட்டியில் நான்கு பேர். பிரெஞ்சு, ஜெர்மன், கிரேக்கம், சமஸ்கிருதம் என்று அந்த மேசையில் ஏழெட்டு மொழி இருந்தது, தமிழ் இல்லை. மூன்றாம் வருஷம் ஓர் இயல் எழுதினேன். 'அகம்' என்பதை உள்மனம் என்று பெயர்த்துக்கொண்டு, பிரெஞ்சு நாவல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டுபிடித்த உள்மனத்தைச் சங்க அகப்பாடல் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது என்று நாற்பது பக்கம். நால்வருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. ஒருவர் ஓரத்தில் ஆச்சரியக்குறி போட்டிருந்தார். அதே இயலைச் சுருக்கி ஒரு மாநாட்டில் வாசித்தேன். பின்வரிசையில் இருந்து, வேறொரு ஊரில் தமிழ் கற்பிக்கும் ஒருவர் கையைத் தூக்கினார். "பாலைப் பாட்டு பாதிக்கு மேல் வெயிலில், கள்ளிக்காட்டு வழியில் நடக்கிறது. அகத்துக்குத் தொல்காப்பியம் போடும் விதி, ஆளின் பெயரைச் சொல்லாதே என்பது. பெயர் சொன்னால் அது புறமாகிவிடும். மனசு புண்பட்டுப் பேசுவது புறப்பாட்டிலும்தான் இருக்கிறது. அப்போது உங்கள் 'உள்' எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த இயலைத் திருப்பி எழுத எட்டு மாதம் ஆனது. தமிழ் படித்தவர் ஒருவர் கமிட்டியில் இருந்திருந்தால் அது ஒரே மதியத்தில், ஒரு காப்பியோடு முடிந்திருக்கும். அந்த நால்வரும் கெட்டிக்காரர்கள், நல்லவர்கள். ஆனால் என் மூலத்தை அவர்களால் திறந்து பார்க்க முடியாது. நான் மொழிபெயர்த்துக் கொடுத்ததை மட்டுமே பார்க்க முடியும். நான் தப்பாகப் பெயர்த்தால் தப்பு அப்படியே ஆய்வேட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உங்கள் பொருளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்டு, தமிழ்நாட்டில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் விற்ற அந்தப் புத்தகங்களில் சில ரஷ்யனிலிருந்து நேராக வந்தவை, பல ஆங்கிலம் வழியாக வந்தவை. ரஷ்ய மொழியில் நமக்கு இருப்பதுபோலவே நீ, நீங்கள் என்று இரண்டு இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போனதும் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆங்கிலத்தில் இருந்து தமிழாக்குகிறவர் ஒவ்வொரு உரையாடலிலும் யார் யாரை நீ என்கிறார், யாரை நீங்கள் என்கிறார் என்று தானே ஊகிக்க வேண்டும்; மூலத்தில் இருந்து செய்கிறவருக்கு அது கண்முன்னே இருக்கும். ஒரு பண்ணையார் தன் வேலைக்காரரிடம் ஒரு வரியில் நீ என்றும், கோபம் வந்ததும் அடுத்த வரியில் நீங்கள் என்றும் மாறினால், அந்த மாற்றம் தமிழுக்கு வந்திருக்கிறதா இல்லையா? உங்கள் ஆய்வேட்டின் உயிரே இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கப்போகிறது என்று நினைக்கிறேன். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு மூலத்தில் இருந்தது தெரியாது. ரஷ்யன் மட்டும் தெரிந்தவருக்கு, தமிழ்ப் பக்கத்தில் 'நீர்' என்று மூன்றாவதாக ஒன்று வந்து நிற்பதன் வாசனை தெரியாது. இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை, ஆளுக்கொரு பக்கம் போதும்.

இதற்கு எதிராக ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கைத் தமிழ் விமர்சகர் க. கைலாசபதி சங்கப் பாடல்களை ஹோமரோடு சேர்த்துப் பார்க்கும் ஆய்வைச் செய்தது பர்மிங்ஹாமில், கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம். 1968இல் அது ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. தமிழை அவர் கையிலேயே கொண்டுபோனார். அவருக்கு வேண்டியிருந்தது கிரேக்கமும், வாய்மொழிக் கவிதை பற்றி அப்போது நடந்துகொண்டிருந்த ஆராய்ச்சியும். அந்த வழியில் யோசித்தால், தமிழே இல்லாத முதல் பல்கலைக்கழகம் உங்களுக்குச் சரியான இடமாகக்கூட இருக்கலாம். உங்களிடம் இல்லாதது ரஷ்யன். அங்கே இருப்பது ரஷ்யன். நானும் இதை ஒரு காலத்தில் நம்பினேன். ஆனால் கைலாசபதி தமிழில் ஏற்கனவே தேர்ந்த ஆளாகப் போனவர். நீங்கள் எம்.ஏ. ஆங்கிலம். தமிழ் நாவலை வாசகராகப் படித்திருக்கிறீர்கள், தமிழ் விமர்சன மரபுக்குள் பயிற்சி பெற்றதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் அப்படித்தான் போனேன். தாய்மொழி தெரியும் என்பது வேறு, அந்த மொழியில் ஆய்வு செய்யத் தெரியும் என்பது வேறு. 'அகம்' எனக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

ரஷ்யன் பக்கத்தில் கறாராக இருங்கள். ஓராண்டு வகுப்பை வைத்துக்கொண்டு நாவல் படிக்க முடியாது. என் அனுபவத்தில், அகராதியைக் கையில் வைத்துக்கொண்டாவது ரஷ்ய நாவல் ஒன்றைப் படித்து முடிக்க மூன்று நான்கு வருஷத் தொடர் பயிற்சி வேண்டும். அமெரிக்கப் படிப்பில் முதல் இரண்டு மூன்று வருஷம் மாணவராக வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் காலம் என்பதால் அதற்கு இடம் உண்டு. கோடையில் மிடில்பரியிலும் இண்டியானா பல்கலைக்கழகத்திலும் நடக்கும் தீவிர ரஷ்ய வகுப்புகளுக்கு நல்ல பெயர். ஆனால் மொழி படிக்க அமெரிக்க அரசு தந்துவந்த ஃப்ளாஸ் உதவித்தொகை குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்குக் கிடையாது. ஆகவே கோடைக்காலப் பணத்தைத் துறையே தருமா என்று எழுத்தில் கேளுங்கள். ஹைதராபாதில் சேர்ந்தால், நீங்கள் சேரும் துறையில் இல்லாவிட்டாலும், அதே ஊரில் இருக்கும் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் ரஷ்யத் துறை உண்டு. எங்கே போவதாக இருந்தாலும் இப்போதிருந்து சேரும் நாள் வரை சும்மா இருக்காதீர்கள்; சென்னையில் இருந்தால் ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் ரஷ்ய கலாச்சார மையம் இருக்கிறது.

ஆவணங்களைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் பிரிவு எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால் ஒரு கட்டத்தில் மாஸ்கோ போக வேண்டியிருக்கும். 2022க்குப் பிறகு ரஷ்யாவுக்குப் போகாதீர்கள் என்பதுதான் அமெரிக்க அரசின் பயண எச்சரிக்கை, அதுவும் ஆக உயர்ந்த நிலையில். அந்த நிலையில் இருக்கும் நாட்டுக்குத் தங்கள் பணத்தில் மாணவரை அனுப்ப அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகச் சம்மதிப்பதில்லை. ரஷ்யன் படிக்கும் அமெரிக்க மாணவர்களே இப்போது கஜகஸ்தானுக்கும் ஜார்ஜியாவுக்கும் போகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு இந்தியாவில் இருந்து போவதில் அந்தத் தடை இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மூன்றாவது இடம் மற்ற இரண்டையும் விட முன்னால் நிற்கிறது. தமிழ்ப் பக்க ஆவணம் வேறு கதை. அதற்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அமெரிக்காவிலும், பிஎல்-480 என்ற அமெரிக்க அரசுத் திட்டத்தின் கீழ் 1960களில் இருந்து இந்தியப் புத்தகங்கள் கப்பல் கப்பலாகப் போய்ச் சேர்ந்த பெரிய நூலகங்கள் உண்டு. எங்கள் நூலகத்தின் கீழ்த்தளத்தில், தமிழ்நாட்டுப் பழைய புத்தகக் கடைகளில் நான் வருஷக்கணக்காகத் தேடிய ஒரு தமிழ்ப் பத்திரிகைத் தொகுப்பு ஒருவரும் தொடாமல் இருந்தது. இரண்டாவது பல்கலைக்கழகத்தின் நூலகப் பட்டியல் இணையத்தில் கிடைக்கும். நீங்கள் ஆய்வு செய்ய நினைக்கும் இருபது தமிழ்ப் புத்தகத்தை அதில் தேடிப் பாருங்கள்.

அப்புறம், துறையின் இணையப் பக்கத்தை நம்பாதீர்கள். வேலை கிடைத்தவர்களின் படம்தான் அங்கே இருக்கும். அதற்குப் பதில் அந்தத் துறையில் கடைசியாக வந்த ஐந்தாறு ஆய்வேடுகளை எடுங்கள். அமெரிக்க ஆய்வேடுகள் ப்ரோக்வெஸ்ட் என்ற இணையத் தொகுப்பில் இருக்கும், இந்திய ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையதளத்தில் முழுதாகவே கிடைக்கும். ஆய்வேட்டை முழுக்கப் படிக்க வேண்டாம், மூன்று இடம் போதும். முதல் பக்கத்தில் கமிட்டிப் பெயர்கள்: எத்தனை பேர் உள்ளே, எத்தனை பேர் வெளியூர்? பிறகு நன்றியுரை: யாருக்குச் சம்பிரதாயத்துக்கு நன்றி, யாருக்கு மனசார நன்றி என்பது இரண்டு வரி படித்தால் தெரிந்துவிடும். இணையப் பக்கத்தில் பெரிய படத்தோடு இருக்கும் பேராசிரியர் ஒருவருக்கு ஐந்து நன்றியுரையிலும் ஒரே வரிதான் என்றால் அதில் சேதி இருக்கிறது. கடைசியில் நூற்பட்டியல்: மூல மொழிப் புத்தகங்கள் இருக்கின்றனவா, இல்லை எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பா? இந்தியாவில் ஒப்பிலக்கியம் என்ற பெயரில் வரும் ஆய்வேடுகளில் கணிசமானவை இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுபவையாக இருக்கின்றன. அமெரிக்காவிலும் இல்லாமல் இல்லை. அங்கே கோட்பாட்டுச் சொற்களால் மூடியிருக்கும், அவ்வளவுதான்.

சரி, பணம். அமெரிக்காவில் எல்லாப் பல்கலைக்கழகமும் 'முழு உதவித்தொகை' என்றுதான் எழுதும். வருடத்துக்கு 25,000 டாலருக்குக் கீழே தரும் அரசுப் பல்கலைக்கழகங்களும் உண்டு, 45,000க்கு மேல் தரும் தனியார் பல்கலைக்கழகங்களும் உண்டு. இரண்டுக்கும் பெயர் அதேதான். தொகையை விட முக்கியமானது அது ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா என்பது. எஃப்-1 விசாவில் கோடையில் வெளியே போய் இஷ்டப்பட்ட வேலை பார்க்க முடியாது. ஒன்பது மாதப் பணத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வாடகை கட்டியவர்களுக்குத் தெரியும் அந்த வித்தியாசம். கல்விக் கட்டணம் தள்ளுபடி என்றால் 'ஃபீஸ்' என்று தனியாக ஒரு பகுதியும் தள்ளுபடியா என்று கேளுங்கள்; அரசுப் பல்கலைக்கழகங்களில் அது செமஸ்டருக்கு நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும், வெளிநாட்டு மாணவருக்குக் கூடுதலாகவும் போடுவார்கள். மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு, ஆறாம் வருஷம் என்ன கதி, பாடம் எடுக்காமல் எழுத மட்டும் எத்தனை செமஸ்டர், இவையும் அதே மின்னஞ்சலில் போகட்டும். ஒரு சின்ன நல்ல செய்தி: இந்திய அமெரிக்க வரி உடன்படிக்கையின் 21ஆம் பிரிவுப்படி இந்திய மாணவர்களுக்கு, வருமானத்தில் ஒரு தொகையை வரி போடாமல் கழித்துவிடும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் கிடைக்கிறது; பல நாட்டு மாணவர்களுக்கு அது இல்லை. ஹைதராபாதில் ஜேஆர்எஃப் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அதன்பிறகு அதுவே எஸ்ஆர்எஃப் என்ற அடுத்த நிலையில் 42,000, அதோடு வீட்டு வாடகைப் படி. விடுதி கிடைத்துவிட்டால், அந்த ஊரில் அந்தப் பணத்தில் வாழ்வது ஒன்பது மாத டாலரில் வாழ்வதை விட நிம்மதி. பணம் மாதாமாதம் ஒழுங்காக வருவதில்லை என்று நண்பர்கள் புலம்பக் கேட்டிருக்கிறேன். ஆகவே கையில் ஆறு மாதச் செலவுக்கு வைத்துக்கொண்டு சேருங்கள்.

கைடு விஷயத்தில் ஒரே விதி: ஒரே ஆளை நம்பிப் போகாதீர்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி ஒரு பேராசிரியருக்காகவே வந்தாள். இரண்டாம் வருஷம் அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவள் தலைப்பையே மாற்றிக்கொண்டாள். அமெரிக்காவில் நீங்கள் சேர்வது துறையில், ஆளிடம் அல்ல. ஆகவே இதைத் தாங்கலாம். இந்தியாவில் கைடு மாறுவது அதை விடச் சிக்கல். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புது மாணவரை எடுக்கக் கூடாது. பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு பேர், உதவிப் பேராசிரியர் நான்கு பேர் என்று உச்சவரம்பும் உண்டு. காலம் குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக ஆறுக்குள். வேறு துறையில் இருந்து இணை நெறியாளர் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு; தமிழ் அறிந்த ஒருவரை அப்படி முறையாகச் சேர்க்கச் சம்மதிப்பார்களா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் அது சலுகை, முன்னால் கேட்டால் அது பேச்சுவார்த்தை.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். நடுத்தெருவில் நிற்பீர்களா? அமெரிக்காவில் ஒப்பிலக்கியத்துக்கென்றே வரும் வேலைகள் கொஞ்சம்தான். மொழி, இலக்கிய வேலைகள் மொத்தமாகவே 2008 நெருக்கடிக்கு முன் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டன. என்னோடு சேர்ந்தவர்களில் ஆசிரியராக இருப்பவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு மொழித் துறையில்தான் இருக்கிறார்கள், நான் உட்பட. ஆகவே படிக்கும்போதே ஒரு மொழியை வகுப்பில் கற்பித்த அனுபவம் வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் பல்கலைக்கழகத்தில் உங்களுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்லித்தரும் வகுப்பு கிடைக்கும். இரண்டாவதில் தமிழ் முதலாண்டு வகுப்பில் உதவி ஆசிரியராக வாய்ப்பு இருக்கிறது. சம்பளத்தில் அது கணக்கில் வராது, வேலை தேடும்போது வரும். படிப்பு முடிந்ததும் அங்கே வேலை பார்க்கக் கிடைக்கும் ஓபிடி இலக்கியப் படிப்புக்குப் பன்னிரண்டு மாதம்தான், பொறியியல்காரர்களுக்குக் கிடைக்கும் நீட்டிப்பு கிடையாது. எஃப்-1 காலத்தையே நான்கு ஆண்டுக்குள் கட்டிப்போடும் ஒரு விதியை 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்க அரசு முன்மொழிந்தது. ஆறு ஏழு வருஷப் படிப்புக்கு அதன் அர்த்தம் என்ன என்பதை என்னைப் போன்றவர்களிடம் கேட்காமல், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

தமிழ்நாட்டுக்குத் திரும்புவதாக இருந்தால் கணக்கு வேறு. இங்கே கல்லூரிப் பணியிடம் தமிழ் என்று வரும், ஆங்கிலம் என்று வரும். ஒப்பிலக்கியம் என்று வருவது அபூர்வம். தகுதியில் முதலில் பார்ப்பது முதுகலை எந்தப் பாடம் என்பதை. உங்கள் எம்.ஏ. ஆங்கிலம், ஆகவே முனைவர் பட்டம் எங்கே வாங்கினாலும் நீங்கள் நிற்கப்போவது ஆங்கிலத் துறை வரிசையில். தமிழ்த் துறை வாசல் உங்களுக்குத் திறக்காது, அது ஒப்பிலக்கியத்தின் குற்றம் இல்லை, எம்.ஏ.வில் எடுத்த முடிவு. ஆங்கில வரிசையில் நிற்பது கெட்ட விஷயமும் இல்லை. நெட் உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. தரவரிசை கணக்கில் வரும் என்று சொன்னேனே, அந்த இடம் இதுதான்: யுஜிசியின் 2018 விதிகளில், உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவருக்கு உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் தேவையில்லை என்று இருக்கிறது. உங்களுக்கு அதுகூடத் தேவையில்லை. ஆகவே பெயருக்காக முதல் பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன் என்பதில், திரும்பி வரும் கணக்கில், நான் பெரிதாக லாபம் எதையும் பார்க்கவில்லை.

என் தீர்ப்பு. இதுவரை விதி, எண் என்று சொன்னதெல்லாம் உறுதி. இனிமேல் சொல்வது என் கணிப்பு. அங்கேயே தங்கி வேலை தேடும் எண்ணம் இருந்தால் இரண்டாவது இடம், கோடைப் பணமும் ஆறாம் வருஷமும் எழுத்தில் வந்தால். வரவில்லையென்றால் முதலாவது, ஆனால் வெளியூரில் இருந்து தமிழ் அறிந்த ஒருவரைக் கமிட்டியில் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டு துறைத் தலைவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பிய பிறகு. தமிழ்நாட்டில் வாழ்ந்து தமிழ் வாசகருக்கு எழுதத்தான் ஆசை என்றால் ஹைதராபாதை மூன்றாவதாகப் போடாதீர்கள். உங்கள் பொருளுக்கு மாஸ்கோவும் சென்னையும் இரண்டும் எட்டுகிற தூரத்தில் இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

அவசரப்பட வேண்டாம். பணத்தோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லக் கட்டாயப்படுத்துவதில்லை என்று அமெரிக்காவின் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கூட்டாக ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்குள் இரண்டாவது பல்கலைக்கழகத்துக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள்: அங்கே தமிழ் கற்பிப்பவர் நிரந்தரப் பேராசிரியரா, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் விரிவுரையாளரா? விரிவுரையாளர் என்றால் முனைவர் கமிட்டியில் கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் இருக்கிறதா? பல இடங்களில் இருக்காது. அந்தப் பதில் 'இல்லை' என்று வந்தால், மேலே நான் போட்ட வரிசை தலைகீழாகிவிடும். தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள், மறுபடி யோசிக்கலாம்.